இரத்தத்தில் கரியமிலவாயு செய்யும் வேலை

மூச்சை உள்ளே இழுக்கும்போது பிராணவாயு வருகிறது. வெளியே விடும்போது கரியமிலவாயு போகிறது. முன்னது உயிர் காப்பது, பின்னது கழிவு. சுவாசத்தைப் பற்றி நம்மில் பெரும்பாலோர் பள்ளியில் கற்றது இவ்வளவே. இப்பாடம் பொய்யன்று, ஆயினும் பாதிப் பாடம். மற்றப் பாதியைக் கவனியாததால் 1952-ஆம் ஆண்டில் ஐரோப்பிய நகரம் ஒன்றில் பல உயிர்கள் போயின. அதைக் கவனித்தபின் பல உயிர்கள் பிழைத்தன. அவ்வுயிர்களைக் காக்கும் பணியில் கைகொடுத்தவர்கள் பெரும்பாலும் நம்மைப் போன்ற மாணவர்கள். அந்த வரலாற்றைக் கட்டுரையின் பிற்பகுதியில் கூறுவேன். அது விளங்குவதற்கு வேண்டிய இரசாயனத்தை முன்னதாகக் காண்போம்.

நான் உயிர் இரசாயனத்தில் முதுகலை பயிலும் மாணவன். நம் சங்கத்திலோ பொறியியல், பொருளாதாரம், சரித்திரம், இலக்கியம் எனப் பல துறையினரும் உள்ளனர். ஆகவே, பள்ளி இரசாயனத்தோடு விடைபெற்ற நண்பர்களையும் மனத்திற்கொண்டே எழுதுகிறேன். கார்பன் டை ஆக்சைடு என்று வகுப்பில் கேட்பதையே இங்குக் கரியமிலவாயு என்கிறேன். ஊரை விட்டு இவ்வளவு தொலைவு வந்து, பாடங்களையெல்லாம் ஆங்கிலத்தில் கேட்டு ஆங்கிலத்திலேயே எழுதிவிட்டு, விடுதி அறையில் அவற்றைத் தமிழில் ஒரு முறை சொல்லிப் பார்ப்பது என் வழக்கம். தமிழில் சொல்ல வரவில்லையென்றால் பொருள் இன்னும் பிடிபடவில்லை என்பது என் அனுபவம். இக்கட்டுரையும் அவ்வாறு சொல்லிப் பார்த்ததன் பயனே.

அமிலத்தை அளக்கும் கோல்

நீரில் கரைந்து ஹைட்ரஜன் அயனியைத் தருவது அமிலம். அதனைப் பற்றிக்கொள்வது காரம். புளியும் எலுமிச்சையும் நாவில் புளிப்பதற்குக் காரணம் இந்த ஹைட்ரஜன் அயனியே. ஒரு கரைசலில் இந்த அயனி எவ்வளவு உள்ளது என்பதைக் குறிக்க 'பி.எச்.' என்னும் அளவுகோலை 1909-இல் ஸோரன்ஸன் என்னும் டேனிஷ் இரசாயனியார் வகுத்தார். அவர் பணியாற்றியது கோபன்ஹேகன் நகரத்துக் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில். அந்நகரின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மீண்டும் அங்கே போகவேண்டியிருக்கும்.

இக்கோலில் தூய நீர் 7-இல் நிற்கும். அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். ஓர் எண் இறங்கினால் ஹைட்ரஜன் அயனி பத்து மடங்கு கூடியது என்று பொருள். எலுமிச்சைச் சாறு ஏறக்குறைய 2-இல் உள்ளது. நம் தமனி இரத்தம் 7.35-க்கும் 7.45-க்கும் இடையில், பெரும்பாலும் 7.40-இல் நிற்கிறது. அதாவது, இரத்தம் சிறிதளவு காரத் தன்மையுடையது.

7.40 என்பதை அயனிக் கணக்கில் சொன்னால், ஒரு லிட்டரில் 40 நானோமோல். ஒரு நானோமோல் என்பது ஒரு மோலில் நூறு கோடியில் ஒரு பங்கு. அதே இரத்தத்தில் சோடியம் அயனி ஒரு லிட்டருக்கு 140 மில்லிமோல் இருக்கிறது. ஹைட்ரஜன் அயனியைப்போல் அது 35 இலட்சம் மடங்கு. இவ்வளவு அற்பமான பொருளை உடல் இத்தனை கவனமாகக் காப்பானேன் என்று கேட்கலாம். ஹைட்ரஜன் அயனி புரதங்களின்மீது எளிதில் ஏறி ஒட்டும்; எளிதில் இறங்கும். ஏறினாலும் இறங்கினாலும் புரதத்தின் மின்னேற்றம் மாறும். மின்னேற்றம் மாறினால் வடிவம் மாறும். வடிவம் மாறினால் வேலை கெடும். நொதிகளில் பெரும்பாலானவை புரதங்களே. இதயத் தசையின் சுருக்கமும் புரதங்களின் வேலையே. ஆகையால் பி.எச். 6.8-க்குக் கீழே இறங்கினாலும் 7.8-க்கு மேலே ஏறினாலும் உயிர் தரிப்பது அரிது.

சோடாவிலிருந்து ஒரு பாடம்

இனிக் கரியமிலவாயுவுக்கு வருவோம். நம் ஊர்க் கோலி சோடாவை எல்லோரும் குடித்திருப்போம். வெறும் நீரில் கரியமிலவாயுவை அழுத்தி அடைத்ததுதான் அது. நாவில் சுருக்கென்று படும் அந்தப் புளிப்பு எங்கிருந்து வந்தது? கரைந்த வாயுவில் ஒரு சிறு பங்கு நீரோடு சேர்ந்து கார்பானிக் அமிலம் ஆகிறது; அவ்வமிலம் பிரிந்து ஹைட்ரஜன் அயனியைத் தருகிறது. சமன்பாடாக எழுதினால்:

கரியமிலவாயு + நீர் ⇌ கார்பானிக் அமிலம் ⇌ ஹைட்ரஜன் அயனி + பைகார்பனேட் அயனி

இரு திசை அம்புகளைக் கவனியுங்கள். வாயு மிகுந்தால் வினை வலப்புறம் ஓடி அமிலம் பெருகும். வாயு வெளியேறினால் வினை இடப்புறம் திரும்பி அமிலம் குறையும். கோலியைத் தட்டிவிட்டு ஒரு மணி நேரம் சும்மா வைத்த சோடா சப்பென்று ஆகிவிடுகிறது அல்லவா? அதில் நாம் சுண்ணாம்பையோ வேறு காரத்தையோ சேர்க்கவில்லை. வாயு போயிற்று, அதனோடு புளிப்பும் போயிற்று. எல்லா அமிலங்களையும் இவ்வாறு காற்றில் போக்கிவிட முடியாது. புளித்த மோரைத் திறந்து வைத்தால் புளிப்புக் குறையுமா?

நம் உடலும் இந்த வசதியைத்தான் பயன்படுத்திக்கொள்கிறது. ஓய்வாக உட்கார்ந்திருக்கும் ஒருவர் உடலில் ஒரு நிமிஷத்துக்கு ஏறக்குறைய 200 மில்லிலிட்டர் கரியமிலவாயு உண்டாகிறது. ஒரு நாளைக்கு 280 லிட்டருக்கு மேல். மோல் கணக்கில் சுமார் 13 மோல். ஆய்வுக்கூடத்து அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் லிட்டருக்குச் சுமார் 12 மோல் உள்ளது. அந்தப் புட்டியைத் தொடவே அஞ்சுகிறோம். மோல் எண்ணிக்கையில் அதில் ஒரு லிட்டருக்கும் மேலான அமில மூலத்தை நாள்தோறும் இரத்தத்தில் சுமந்து, மூச்சாகவே வெளியே விடுகிறோம்! உணவுப் புரதங்களிலிருந்து வரும் கந்தக அமிலம் முதலான, ஆவியாகாத அமிலங்களும் உண்டு. அவை நாளொன்றுக்கு 50 முதல் 100 மில்லிமோல் அளவே. அவற்றைச் சிறுநீரகம் கழிக்கிறது.

திசுவிலிருந்து நுரையீரல் வரை

திசுக்களில் உண்டான கரியமிலவாயு இரத்தத்தில் மூன்று விதமாகப் பயணம் செய்கிறது. நூற்றுக்கு ஏழு பங்கு போல் அப்படியே கரைந்து போகிறது. இருபத்து மூன்று பங்கு போல் ஹீமோகுளோபின் புரதத்தோடு நேராகச் சேர்ந்து போகிறது. மீதி எழுபது பங்கு பைகார்பனேட்டாக மாறிப் போகிறது.

இந்த மாற்றம் நடப்பது சிவப்பணுக்களுக்குள். கரியமிலவாயுவும் நீரும் தாமாகச் சேர்வது மெதுவான வினை. பல வினாடிகள் பிடிக்கும். நுண்குழாயில் இரத்தம் தங்குவதோ ஏறக்குறைய ஒரு வினாடிதான். இரயில் நிற்கும் நேரத்துக்குள் மூட்டை முழுவதையும் ஏற்றியாகவேண்டும். அதற்கென்றே சிவப்பணுவில் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்னும் நொதி உள்ளது. துத்தநாகத்தைத் தன் நடுவில் கொண்ட இந்நொதியைக் கேம்பிரிட்ஜில் மெல்ட்ரம், ரஃப்டன் என்னும் இருவர் கண்டறிந்து 1933-இல் விவரித்தனர். இதன் மிக விரைவான வகையில் ஒரு மூலக்கூறு வினாடிக்குப் பத்து இலட்சம் அளவிலான மூலக்கூறுகளை மாற்றவல்லது.

அப்போது பிறக்கும் ஹைட்ரஜன் அயனி என்ன ஆகிறது? ஹீமோகுளோபின் அதைப் பிடித்துக்கொள்கிறது. பிராணவாயுவைத் திசுவுக்குக் கொடுத்துவிட்ட ஹீமோகுளோபினுக்கு ஹைட்ரஜன் அயனியின்மேல் பற்று அதிகம். எங்கே அமிலம் பிறக்கிறதோ அங்கேதான் அதைப் பிடிக்கும் கையும் ஒழிகிறது. பைகார்பனேட் சிவப்பணுவிலிருந்து பிளாஸ்மாவுக்குச் செல்ல, அதற்கு ஈடாகக் குளோரைடு உள்ளே வருகிறது. நுரையீரலில் எல்லாம் தலைகீழ். பிராணவாயு ஏறியதும் ஹீமோகுளோபின் அயனியை விடுகிறது. அது பைகார்பனேட்டோடு சேர்கிறது. மீண்டும் கரியமிலவாயு பிறந்து மூச்சோடு வெளியேறுகிறது. இத்தனை சுமை ஏறி இறங்கியும் தமனி இரத்தத்துக்கும் சிரை இரத்தத்துக்கும் பி.எச். வேற்றுமை 0.04 அளவே.

விகிதமே முக்கியம்

இப்போது கட்டுரையின் மையப் பகுதிக்கு வந்துவிட்டோம். அமெரிக்கராகிய லாரன்ஸ் ஹெண்டர்ஸன் 1908-இல், இரத்தத்தின் அமிலத் தன்மை கரைந்த கரியமிலவாயுவுக்கும் பைகார்பனேட்டுக்கும் உள்ள விகிதத்தைப் பொறுத்தது என்று காட்டினார். அதனை மடக்கை வடிவில் 1916-இல் எழுதியவர் ஹாஸல்பால்க். இவரும் கோபன்ஹேகன் நகரத்தவரே! அவ்வாய்பாடு இது:

பி.எச். = 6.1 + மடக்கை (பைகார்பனேட் ÷ கரைந்த கரியமிலவாயு)

சாதாரணமாக இரத்தத்தில் லிட்டருக்குப் பைகார்பனேட் 24 மில்லிமோல். கரைந்த கரியமிலவாயு 1.2 மில்லிமோல். விகிதம் 20. இருபதின் மடக்கை 1.30. கூட்டினால் 7.40. கரைந்த வாயுவின் அளவை அதன் அழுத்தத்திலிருந்து கணக்கிடலாம். தமனி இரத்தத்தில் அழுத்தம் 40 மி.மீ. பாதரசம், அதை 0.03-ஆல் பெருக்கினால் 1.2 வரும்.

அமிலமோ காரமோ சேரும்போது பி.எச். பெரிதும் மாறாமல் தாங்கிக்கொள்ளும் கலவையைத் 'தாங்கல்' என்பர். ஆய்வுக்கூடத்தில் தாங்கல் கரைசல் செய்து பழகியவர்களுக்கு இங்கே ஓர் ஐயம் எழவேண்டும். 6.1 என்பது இத்தாங்கலின் நடு எண். நடு எண்ணுக்கு அருகில்தான் தாங்கல் நன்கு வேலை செய்யும் என்பது விதி. இரத்தமோ 7.4-இல் உள்ளது. விதிப்படி பார்த்தால் இது மட்டமான தாங்கல். பின் உடல் ஏன் இதையே நம்பியிருக்கிறது?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நீரிழிவு முற்றிய ஒருவருக்கு இரத்தத்தில் லிட்டருக்கு 12 மில்லிமோல் அமிலம் சேர்ந்துவிட்டது என்று கொள்வோம். கணக்கை எளிதாக்க, ஹீமோகுளோபின் முதலிய மற்றத் தாங்கல்களை ஒதுக்கிவைப்போம். சேர்ந்த அமிலம் 12 மில்லிமோல் பைகார்பனேட்டைத் தின்றுவிடும், மிச்சம் 12. தின்றதற்கு ஈடாக 12 மில்லிமோல் கரியமிலவாயு புதிதாகப் பிறக்கும்.

முதல் நிலை: இரத்தம் மூடிய புட்டியில் இருக்கிறது. பிறந்த வாயு போக வழியில்லை. கரைந்த வாயு 1.2 + 12 = 13.2. விகிதம் 12 ÷ 13.2, அதாவது ஒன்றுக்கும் குறைவு. பி.எச். 6.06. ஆள் இல்லை.

இரண்டாம் நிலை: நுரையீரல் திறந்திருக்கிறது, பிறந்த வாயு முழுவதும் மூச்சில் போய்விடுகிறது. கரைந்த வாயு பழையபடி 1.2. விகிதம் 10. பி.எச். 7.10. நோய் கடுமைதான், ஆனால் ஆள் இருக்கிறார்.

மூன்றாம் நிலை: மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் ஓடி, வாயுவின் அழுத்தத்தை 40-லிருந்து 26-க்கு இறக்குகிறது. கரைந்த வாயு 0.78. விகிதம் ஏறக்குறைய 15. பி.எச். 7.29. வைத்தியம் செய்ய அவகாசம் கிடைத்துவிட்டது.

நீரிழிவு மயக்கத்தில் கிடப்பவர்கள் இவ்வாறு ஆழ்ந்து மூச்சு வாங்குவதை ஜெர்மானிய மருத்துவர் குஸ்மால் 1874-இலேயே எழுதிவைத்தார். பார்ப்பவர்களுக்கு அது மூச்சுத் திணறலாகத் தோன்றும். உண்மையில் அது உடல் தனக்குத் தானே செய்துகொள்ளும் சிகிச்சை.

ஐயத்துக்கு விடையும் இதுவே. இத்தாங்கலின் ஒரு கதவு வெளியே திறந்திருக்கிறது. கரைந்த வாயுவை நுரையீரல் விரும்பியபடி கூட்டும், குறைக்கும். பைகார்பனேட்டைச் சிறுநீரகம் கூட்டும், குறைக்கும். நுரையீரல் நிமிஷங்களில் வேலை செய்யும். சிறுநீரகத்துக்கு மணிகளும் நாள்களும் வேண்டும்.

மூச்சுக்கு ஆணையிடுவது எது?

மூச்சின் வேகத்தைத் தீர்மானிப்பது பிராணவாயுவின் தேவை என்றே நாம் நினைக்கிறோம். 1905-இல் ஆக்ஸ்போர்டில் ஹால்டேன், பிரீஸ்ட்லி என்னும் இருவர், சாதாரண நிலையில் மூச்சை நடத்துவது நுரையீரல் காற்றிலுள்ள கரியமிலவாயுவே என்று காட்டினர். மூளையின் அடிப்பகுதியாகிய முகுளத்தில் இதனை உணரும் நரம்பணுக்கள் உள்ளன. இரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பைக் கரியமிலவாயு எளிதில் கடக்கும். கடந்து, மூளையைச் சூழ்ந்த நீரில் அமிலமாகி, அந்த அணுக்களைத் தூண்டும். வாயு சற்றே கூடினாலும் மூச்சு விரையும், குறைந்தால் தணியும். கழுத்துத் தமனிகளிலும் உணர்வான்கள் உண்டு. அவை பிராணவாயுக் குறைவையும் இரத்தத்தின் அமிலத்தையும் உணர்கின்றன.

மூச்சை அடக்கிப் பாருங்கள். ஒரு கட்டத்தில் தாங்க முடியாமல் வாயைத் திறந்துவிடுவீர்கள். பெரும்பாலும் உங்களைத் தோற்கடித்தது ஏறிவிட்ட கரியமிலவாயுவே. பிராணவாயு அப்போதும் போதிய அளவு இருக்கும். இதில் ஓர் எச்சரிக்கையும் அடங்கியிருக்கிறது. நீச்சல் குளத்தில் முங்கு நீச்சலுக்கு முன் பலமுறை வேகமாக மூச்சு விட்டுக்கொள்ளும் பழக்கம் சிலரிடம் உண்டு. அதனால் பிராணவாயு பெரிதாகக் கூடிவிடுவதில்லை. கரியமிலவாயு மட்டும் குறைகிறது. 'மேலே வா' என்று கூப்பிடும் மணி தாமதமாக அடிக்கும். அதற்குள் பிராணவாயு தீர்ந்து, நீருக்கடியிலேயே நினைவு தப்பலாம். இப்படி இறந்தவர்கள் உண்டு. நண்பர்கள் இதனைச் செய்யவேண்டாம்.

தேர்வு நாளில் பயத்தால் மூச்சு வேகமாகி, உதடும் விரலும் மரமரத்து, தலை சுற்றும் மாணவர்களையும் கண்டிருப்பீர்கள். அங்கு நடப்பது இதே விகிதத்தின் மறுபக்கம். கரியமிலவாயு குறைய, விகிதம் 20-ஐத் தாண்டி, இரத்தம் காரமாகிறது. பிளாஸ்மாப் புரதங்கள் கால்சியத்தை மிகுதியாகப் பிடித்துக்கொள்ள, நரம்புகள் துடிக்கத் தொடங்குகின்றன. மூளைக்குச் செல்லும் குழாய்களும் சுருங்குவதால் தலை சுற்றுகிறது. உட்காரவைத்து, பேச்சுக் கொடுத்து, மெதுவாக மூச்சு விடச் செய்தால் தானே தணியும். நெஞ்சு வலியோ, இழைப்போ, முன்பே நோயோ இருந்தால் மருத்துவரிடமே செல்லவேண்டும்.

கோபன்ஹேகன், 1952

இனி முதலில் குறிப்பிட்ட வரலாறு. 1952-ஆம் ஆண்டுக் கோடையில் கோபன்ஹேகன் நகரை இளம்பிள்ளை வாதம் கடுமையாகத் தாக்கியது. தடுப்பு மருந்து அப்போது இல்லை. ஸால்க் அவர்களின் தடுப்பூசி 1955-இல்தான் பயனுக்கு வந்தது. நோயாளிகளில் பலருக்கு விழுங்கும் தசைகளும் மூச்சுத் தசைகளும் செயலிழந்தன. அவர்களை ஏற்றுக்கொண்ட பிளெக்டாம் மருத்துவமனையில் 'இரும்பு நுரையீரல்' என வழங்கும் பெட்டி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மார்பில் கவசம்போல் மாட்டும் கருவிகள் ஆறு இருந்தன. முதல் சில வாரங்களில் இவ்வாறு மூச்சுக் கெட்ட 31 பேருக்குச் சிகிச்சை செய்தனர். 27 பேர் மாண்டனர்.

அவர்கள் இரத்தத்தைச் சோதித்தபோது மொத்தக் கரியமிலவாயு அளவு மிக உயர்ந்திருந்தது. அக்காலத்துச் சோதனை, கரைந்த வாயுவையும் பைகார்பனேட்டையும் சேர்த்து ஒரே எண்ணாகத் தரும். சாதாரணமாக அதில் பெரும்பங்கு பைகார்பனேட்டே. ஆகவே பைகார்பனேட் மிகுந்துள்ளது, இரத்தம் காரமாகிவிட்டது, காரணம் தெரியவில்லை என்றே மருத்துவர்கள் கொண்டனர்.

மயக்க மருந்து நிபுணராகிய பியோர்ன் இப்ஸென் இதனை வேறுவிதமாகப் பார்த்தார். இந்நோயாளிகள் மூச்சை வெளியேற்ற வலுவற்றவர்கள். பிராணவாயு கொடுத்ததால் நிறம் மாறாமல் இருக்கலாம். ஆனால் கரியமிலவாயு உள்ளேயே தேங்கும். ஆகவே இரத்தம் அமிலமாகியிருக்கவேண்டும் என்றார்.

ஒரே எண் இரு எதிர்ப்பொருள் தருவது எவ்வாறு? நமது வாய்பாட்டைக் கொண்டே காணலாம். பின்வரும் எண்கள் விளக்கத்துக்காக நான் அமைத்தவை. ஒருவரிடம் பைகார்பனேட் 38.2, கரைந்த வாயு 1.4. மற்றொருவரிடம் பைகார்பனேட் 36, கரைந்த வாயு 3.6. இருவருக்கும் மொத்தம் 39.6. முதலாமவர் விகிதம் 27, பி.எச். 7.54; இரத்தம் காரம். இரண்டாமவர் விகிதம் 10; பி.எச். 7.10, இரத்தம் அமிலம். மொத்தத்தை மட்டும் பார்ப்பவருக்கு இருவரும் ஒன்றே. ஆனால் முதலாமவர் தாமாக மூச்சு விடுகிறார். இரண்டாமவரோ மூச்சு முட்டிச் சாகிறார்.

ஆகஸ்டு 27-ஆம் நாள் இப்ஸென் தம் கருத்தை மெய்ப்பித்துக் காட்டினார். உறுப்புகள் நான்கும் செயலிழந்து மரணப் படுக்கையில் இருந்த பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்திக்குக் கழுத்தில் துளையிட்டுக் குழாய் செலுத்தினர். குழாயில் ஒரு இரப்பர்ப் பையை இணைத்து, கையால் அமுக்கி அமுக்கி நுரையீரலுக்குள் காற்றைச் செலுத்தினார். தேங்கிய கரியமிலவாயு இறங்கியது, சிறுமி தேறினாள். பை அமுக்குவதைக் குறைத்தால் வாயு மீண்டும் ஏறியது. இரசாயன ஆய்வாளர் போல் ஆஸ்ட்ரப் பி.எச்.-ஐ நேராக அளந்து, இரத்தம் அமிலமே என்று உறுதி செய்தார்.

சிகிச்சை தெரிந்துவிட்டது, ஆனால் பை அமுக்க இயந்திரங்கள் இல்லை. நோயாளிகளோ பலர், இரவு பகல் ஓயாமல் அமுக்கியாகவேண்டும். மருத்துவ மாணவர்களையும் பல் மருத்துவ மாணவர்களையும் அழைத்தனர். ஏறக்குறைய 1,500 மாணவர்கள் முறைபோட்டுக்கொண்டு வந்தனர். படுக்கை அருகே அமர்ந்து மணிக்கணக்காகப் பையை அமுக்கினர். ஒரே சமயத்தில் 70 நோயாளிகள்வரை இவ்வாறு மாணவர் கைகளால் மூச்சு விட்டனர். மொத்தம் 1,65,000 மணி நேரம் அவர்கள் உழைத்ததாகக் கணக்கு. நூற்றுக்கு எண்பதைத் தாண்டியிருந்த மரண விகிதம் நாற்பதளவுக்கு இறங்கி, பின்னர் மேலும் குறைந்தது. 1953 டிசம்பரில் இப்ஸென் அந்நகரத்து மற்றொரு மருத்துவமனையில், இத்தகைய நோயாளிகளை இடைவிடாது கவனிக்கத் தனிப் பிரிவு ஒன்றைத் தொடங்கினார். இன்று உலகெங்கும் உள்ள தீவிர சிகிச்சைப் பிரிவுகளுக்கு அதுவே முன்னோடி என்பர்.

இவ்வரலாற்றைப் படித்தபோது எனக்கு வியப்பளித்தது ஒன்றுண்டு. பி.எச். கோலை வகுத்தது இதே கோபன்ஹேகன்; வாய்பாட்டை மடக்கையில் எழுதியதும் இதே கோபன்ஹேகன். அந்த அறிவு பிறந்து முப்பத்தாறு ஆண்டுகளுக்குமேல் ஆகியும், நூலிலிருந்து நோயாளியின் படுக்கைக்கு அது வந்துசேரவில்லை. வாய்பாடு மருத்துவர்களுக்குத் தெரியாததன்று. அவர்கள் கையில் கிடைத்த சோதனை எண் ஒன்று. வாய்பாடு கேட்பதோ விகிதம். இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியில்தான் அந்த உயிர்கள் போயின.

இன்றைய பயன்

இன்று எந்தப் பெரிய மருத்துவமனையிலும் தமனி இரத்தம் சில துளிகள் எடுத்துக் கருவியில் இட்டால், சில நிமிஷங்களில் பி.எச்., கரியமிலவாயு அழுத்தம், பைகார்பனேட் மூன்றும் தாளில் வந்துவிடும். உறவினர் யாருக்கேனும் அத்தகைய தாள் உங்கள் கைக்கு வரலாம். வைத்தியம் சொல்வது மருத்துவர் வேலை. பொருள் புரிந்துகொள்வது நம்மாலும் ஆகும். முதலில் பி.எச். பாருங்கள்: 7.35-க்குக் கீழா, 7.45-க்கு மேலா? அடுத்து, அதற்குப் பொருத்தமான திசையில் மாறியிருப்பது எது என்று பாருங்கள். கரியமிலவாயு ஏறியதால் அமிலமாயிற்று என்றால் கோளாறு மூச்சில். பைகார்பனேட் இறங்கியதால் அமிலமாயிற்று என்றால் கோளாறு வேறிடத்தில். அப்போது கரியமிலவாயுவும் சேர்ந்து இறங்கியிருந்தால், நுரையீரல் ஈடுகட்டப் பாடுபடுகிறது என்று பொருள். இரண்டு கோளாறுகள் ஒருங்கே வருவதும் உண்டு. அதனால்தான் ஒரு எண்ணை மட்டும் பார்த்து முடிவு கட்டலாகாது.

கரியமிலவாயு கழிவுதான், ஆயினும் முற்றிலும் கழித்துவிடத் தகாத கழிவு. 40 மி.மீ. அளவில் அது இரத்தத்தில் நின்றால்தான் இருபதுக்கு ஒன்று என்ற விகிதம் நிற்கும். விகிதம் நின்றால்தான் நாம் நிற்போம். இக்கட்டுரையைப் படித்த இந்தப் பத்து இருபது நிமிஷங்களில், நீங்கள் நினையாமலே உங்கள் முகுளம் இருநூறு முறைக்கு மேல் அந்தக் கணக்கைச் சரிபார்த்து மூச்சு விட்டிருக்கும். 1952-இல், அந்தக் கணக்கைத் தாமே நடத்த இயலாதவர்களுக்கு, நம் வயதினராகிய 1,500 பேர் படுக்கையருகே உட்கார்ந்து கையால் நடத்திக் கொடுத்தார்கள்.